மாக்கல் அச்சா, களிமண் அச்சா?

பழங்கால வெண்கல உளியை வார்த்தே பார்த்துவிடுவது என்று கிளம்பினால், சேலத்துக்காரனுக்கு முதல் சிக்கல் அச்சுதான். கல்சட்டிக்குப் பேர்போன மாக்கல் ஒரு பக்கம். மூக்கனேரிக் களிமண் இன்னொரு பக்கம். போன கோடையில் இரண்டிலும் ஒரே அளவு உளியை வார்த்தேன்.

மாக்கல் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். ஒரே பிற்பகலில் இரண்டு பாதிகளையும் கத்தியால் குடைந்துவிட்டேன். பிரிட்டனின் வெண்கலக் காலக் கோடரிகளுக்கும் இந்தக் கல்லில் வெட்டிய அச்சுகள் உண்டு. "பழக்காத கல்லைச் சூட்டுக்குக் காட்டாதே, கண்ணு" என்று கல்சட்டி செய்யும் பெரியவர் சொன்னார். சட்டிக்குத்தானே அது என்று நினைத்துக்கொண்டேன். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் செம்பு ஏறத்தாழ 1,000 டிகிரியிலேயே உருகி ஓடும். தனிச் செம்புக்கு 1,085 வேண்டும். உலோகம் உருக்கும் கலமான மூசையைச் சாய்த்ததும் கல்லுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, அச்சின் வாயோரம் ஒரு சில்லு தெறித்தது. உளி பாதியில் உறைந்து நின்றது. புதிதாகக் குடைந்த அச்சைத் தணலோரம் மணிக்கணக்கில் சூடேற்றி, உட்புறத்தில் புகைக்கரி படியவிட்டு ஊற்றினேன். அதிலிருந்து ஐந்து உளிகள் எடுத்தாயிற்று. அச்சு இன்னும் நன்றாகவே இருக்கிறது.

களிமண் பொறுமையைச் சோதிக்கும். உமியும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, மர உளியை அழுத்தித் தடம் எடுத்து, நிழலில் உலர்த்தி, இலேசாகச் சுட ஒரு வாரம் ஆகிவிட்டது. காயும்போது சுருங்கியதால் முதல் அச்சின் பாதிகள் பொருந்தவில்லை. உலோகம் ஒழுகிப் போயிற்று. இரண்டாவதில் கிடைத்த உளியின் வாய் கல்லில் வந்ததைவிடக் கூர்மை. உமி எரிந்த நுண்துளை வழியே காற்று தானே வெளியேறிவிடுகிறது. மண் சூட்டை மெல்லத்தான் இழுப்பதால் குழம்பு விளிம்புவரை ஓடுகிறது. கல்லிலோ காற்றுக்கென்று தனியாகக் கீற்று வெட்ட வேண்டும். ஆனால் உளியை எடுக்க மண் அச்சை உடைத்தேன். அடுத்த உளிக்கு மறுபடியும் பிசைய வேண்டும்.

மணல் அச்சு எளிது. உதறினால் மண்ணோடு மண், தடமே இருக்காது.

கருவிகள் ஒன்றுபோல வேண்டுமென்றால் மாக்கல்தான் என் தேர்வு. ஆனால் தோண்டியெடுத்த கல் அச்சுகளை மட்டும் எண்ணி, அந்தக் காலத்தில் கல்லில்தான் வார்த்தார்கள் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. உடைத்த களிமண் துண்டுகளைக் கிணற்றடியில் போட்டிருந்தேன். ஐப்பசி மழையில் வெளிப்புறம் கரைந்தோட, உலோகம் பட்டு இறுகிய சாம்பல் நிறச் சில்லுகள் இரண்டே மிஞ்சின.