கிற்றார் கழுத்து: புறாவால் மூட்டா, போல்ட்டா?

ஆறு இரும்புக் கம்பிகளுக்கும் சுதி ஏற்றினால் கிற்றாரில் ஏறத்தாழ 70 கிலோ இழுவை விழுகிறது. மேற்பலகையின் தடிப்போ 3 மில்லிமீற்றர்கூட இராது. அதைக் காப்பது உள்ளே ஒட்டும் சட்டங்களும் கழுத்து பொருந்தும் இடமும்தான்.

சட்டங்களில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் செம்மைப்படுத்திய விசிறி அமைப்பு நைலோன் கம்பிக்கு அருமையானது. அதில் இழுவை 40 கிலோ அளவுதான். அதே உடலில் இரும்புக் கம்பி பூட்டினால், மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைக்கும், முன்னால் குழியும். இரும்புக் கம்பிக்கு, இரண்டு பெரிய சட்டங்கள் X போலக் குறுக்கிடும் எக்ஸ் அமைப்பே சரி. குறுக்கே மட்டும் சட்டம் வைக்கும் ஏணி அமைப்பு செய்ய இலகு, ஆனால் நீளவாக்கில் வரும் இழுவையை அவ்வளவாகத் தாங்காது.

கழுத்து விஷயம் வேறு. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பல வருட இழுவையில் கழுத்து முன்னால் சாயும், ஒருநாள் கழற்றிக் கோணம் திருத்த வேண்டிவரும். புறாவால் மூட்டு என்பது கழுத்தடியில் புறாவின் வால்போல் விரிந்த முளையை உடலின் குழிக்குள் இறக்கி ஒட்டுவது. பசை போட்ட அந்த மூட்டு என்றால் துளையிட்டு, நீராவி செலுத்தி, பொறுமையாக இளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யத் தெரிந்தவரைத் தேடியே களைத்துவிடுவோம். போல்ட் என்றால் விரற்பலகையின் நுனியை மட்டும் சூடுகாட்டி எடுத்து, போல்ட்டைக் கழற்றி, அடியைக் கொஞ்சம் சீவித் திரும்பப் பூட்டலாம். புறாவால் மூட்டில் நாதம் கூடும் என்பார்கள். இறுக்கமாகப் பொருந்திய போல்ட் மூட்டில் என் காதுக்கு எந்தக் குறையும் கேட்டதில்லை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் சாதாரண மரப்பசை இளகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் தெரிவு போல்ட்தான்.

கழுத்து வளையாமல் இருக்க அதற்குள்ளே வைப்பது ட்ரஸ் ரொட் எனும் முறுக்கக்கூடிய உலோகக் கம்பியா, கார்பன் கம்பா? கார்பன் வளையாது, ஆனால் பிறகு திருத்தவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும், வெயில் ஏறியதும் சுருங்கும். ஆகவே இங்கே முறுக்கித் திருத்தக்கூடிய ட்ரஸ் ரொட் அவசியம். அமெரிக்கக் கிற்றார் நிறுவனங்களில் கிப்சன் 1920களிலேயே அதைக் கொண்டுவந்தது, மார்ட்டின் 1985இல்தான் அதற்கு மாறியது.

ஆனால் ட்ரஸ் ரொட் கழுத்தின் வளைவை மட்டுமே திருத்தும், சாய்வை அல்ல. கம்பி உயர்ந்துவிட்டது என்று ஒரு தம்பி அதை முறுக்கி முறுக்கியே மரையை அறுத்துவிட்டுக் கொண்டுவந்தான். பார்த்தபோது மனம் வலித்தது. முதலில் கழுத்தின் வளைவைச் சரியாக்கி, விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான பிரெற்றுகளின் மேல் ஒரு நேர்கோலை வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்போடு வந்தால் கோணம் சரி. விளிம்புக்குக் கீழே முட்டினால் கழற்றத்தான் வேண்டும்.