70 ஸ்கொயர் கிரிம்பிங் டூல்: வாங்கும்போது டையைப் பாருங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால், பிளாஸ்டிக் பெட்டியோடு ‘ஒய்கியூகே 70’ ரகக் கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலை எடுத்து வைப்பார்கள். 4 முதல் 70 ஸ்கொயர் எம்எம் வரை லக் (கேபிள் முனையில் மாட்டும், போல்ட் துளையுள்ள உலோகக் குழாய்) அடிக்கலாம், அதாவது கம்பியோடு சேர்த்து அழுத்தி இறுக்கலாம். மேலூர், வாடிப்பட்டி பக்கம் போர் மோட்டார் வேலைக்கும், கப்பலூர் சிட்கோவில் சின்ன பேனல் கட்டவும் தாராளமாகப் போதும். சுத்தியலால் லக்கை நசுக்குவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். டூலைப் பற்றி அவ்வளவுதான். காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் டைகளை, அதாவது லக்கை அழுத்தும் அச்சுகளைத்தான்.

ஒரே மாடல் பெயரில் இரண்டு வித டை செட் சுற்றுகிறது. 4, 6, 10, 16, 25, 35, 50, 70 என்று பொறித்திருந்தால் நமக்கானது. 8, 14, 22, 38, 60 என்று வந்தால் அது ஜப்பான் கம்பி அளவு. நம்மூர் 25, 35, 50 கேபிளுக்கு அதில் ஜோடியே கிடையாது. 35 லக்கை 38 டையில் அடித்தால் வெளியே அறுகோணம் அழகாகத் தெரியும், உள்ளே கம்பிப் பிரிகள் முழுதாக இறுகியிருக்காது. லோடு ஏற ஏற அந்த இடம் சூடாகி, இன்சுலேஷன் கருகி, கடைசியில் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் காயில் வெந்துவிடும். “38 போட்டுக்கலாம்ண்ணே, ஒண்ணும் ஆகாது” என்று கடையில் சொன்னால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

டையை ஜோடி சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு முகமும் சந்தில்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தால் கிரிம்பும் கோணலாகத்தான் வரும்.

சரியான நம்பர் போட்டும் லக்கின் இரு பக்கமும் காது மாதிரி பிதுங்கினால், லக்கின் சுவர் அந்த டைக்குத் தடிமன் என்று பொருள். அரத்தால் ராவினால் பார்வைக்குத்தான் சரியாகும். அலுமினிய லக்கில் இந்தத் தொல்லை அதிகம். ஜெர்மனியின் டின் (DIN) தரநிலையிலேயே 35 ஸ்கொயர் செம்பு லக்குக்கு 12ஆம் எண் டை, அதே அளவு அலுமினிய லக்குக்கு 14. டையில் ‘35’ என்று இருப்பதை மட்டும் நம்பி இரண்டையும் அடிக்கக் கூடாது.

அடிக்கும் முறை: லக் குழாயின் ஆழத்தோடு 1 அல்லது 2 மில்லிமீட்டர் கூட்டி இன்சுலேஷனை உரியுங்கள். ஒரு பிரி கூட வெட்டுப்படக் கூடாது. கம்பி உள்ளே போகவில்லை என்று நாலு பிரியை நறுக்குவது நம்மூர்க் கெட்ட பழக்கம். பார்வைத் துளை இருக்கும் லக்கானால் அதில் கம்பி தெரியும்வரை தள்ளுங்கள். முதல் அழுத்தம் போல்ட் துளைப் பக்கம், அடுத்தது கேபிள் பக்கம். நசுங்கும் உலோகம் நீளும், அது வெளியே போக வழி வேண்டும். அலுமினியக் கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்த கையோடு ஜாயின்ட் கம்பவுண்ட் தடவிவிடுங்கள். ஆக்சைடு படலம் உடனே திரும்பப் படியும். அலுமினியக் கேபிள் செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் இருக்கும் செம்புப் பட்டை) உட்கார வேண்டியிருந்தால், குழாய் அலுமினியமும் போல்ட் பக்கம் செம்புமான பைமெட்டல் லக்தான்.

புது டை செட்டுக்கு ஒரு சோதனை உண்டு. துண்டு கேபிளில் ஒரு லக் அடித்து, கிரிம்பின் நடுவே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, எமரியில் தேய்த்துப் பாருங்கள். பிரிகள் தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உருண்டை உருண்டையாகத் தெரிந்து நடுவில் கறுப்புச் சந்து இருந்தால் அந்த டை அந்த லக்குக்கு ஆகாது.

சோலார் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரின் பின்னுக்கு இந்த அறுகோண டை எதுவும் உதவாது, அதற்கான ராட்செட் டூல் தனியாக வாங்க வேண்டும்.

இந்த ரகத்தில் பல பீஸ்களில் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துவிடும் ரிலீஃப் வால்வு கிடையாது. டை இரண்டும் முட்டியதும் நிறுத்தாமல் பம்ப் அடித்தால் ஆயில் சீல் போய்விடும். ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் ஆயில்தான். கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் நைட்ரைல் ரப்பர் சீல் ஊதிப்போய் டூலே நின்றுவிடும்.