ரினியூவல் பக்கத்தில் தானாக விழுந்த டிக்: மூன்று வருட ஹோஸ்டிங் அனுபவம்

மும்பை முலுண்டில் டிபன் சர்வீஸ் நடத்தும் நண்பர் ஒருவர் வெப்சைட் போடப்போகிறார். "நீங்க வெச்சிருக்கிற ஹோஸ்டிங்கையே நானும் எடுத்துடலாமா?" என்று கேட்டார். (ஹோஸ்டிங் என்றால் தளத்தை வைக்க சர்வரில் எடுக்கும் வாடகை இடம்.) ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இது.

தாராவியில் அத்தான் நடத்தும் முறுக்கு, சீடை வியாபாரத்துக்கான தளம். வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்), சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிடுவது), மும்பையிலேயே சர்வர். கம்பெனி பெயர் வேண்டாம், விளம்பரத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

சர்வரில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பு அமெரிக்க சர்வரில் இருந்தபோது ஒவ்வொரு கோரிக்கையும் போய்த் திரும்பவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். இப்போது போனில் தட்டியதும் பக்கம் வந்து நிற்கிறது. தீபாவளி வாரத்தில்கூடப் படுத்ததில்லை. ஒருமுறை நள்ளிரவில் ஒரு பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் வசதி) தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, தளம் முழுக்க வெள்ளைப் பக்கமாகிவிட்டது. கம்பெனியின் சாட்டில் வந்த பையன், பிழைகள் பதிவாகும் எரர் லாக்கைப் பார்த்து, அந்த பிளக்இன் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி, தளத்தை எழுப்பிக் கொடுத்தான். 'டிக்கெட் போடுங்கள், இரண்டு நாளில் பதில் வரும்' என்ற பேச்சே இல்லை. அந்த ராத்திரிக்காகவே இவர்களை மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

அப்புறம் ரினியூவல் வந்தது. சேரும்போது மாதம் 149 ரூபாய், மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு சுமார் 6,330. இப்போது மாதம் 449. ஒரு வருடத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 6,358. முன்பு மூன்று வருடத்துக்குக் கொடுத்த பணம் இப்போது ஒரே வருடத்துக்குப் போகிறது.

இதில்கூட நான் கொஞ்சம் நியாயம் பார்க்கிறேன். முதல் விலை ஆள் பிடிக்கும் விலை, ஊருக்கே தெரிந்ததுதான். ஹோஸ்டிங் கம்பெனிகள் தளங்களை நிர்வகிக்க வாங்கும் மென்பொருளான சிபேனல்காரர்கள் 2019-இல் ஒரு வாடிக்கையாளர் கணக்குக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டணத்தை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். டாட் காம் டொமைனுக்கு (தளத்தின் முகவரிப் பெயர்) விற்பவர்கள் கொடுக்கும் மொத்த வியாபார விலையும் 2021-இல் 8.39 டாலர், 2024-இல் 10.26. ஹோஸ்டிங் கம்பெனியும் எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்?

என் கோபம் விலையில் இல்லை, அந்த டிக்கில். ரினியூவல் பக்கத்தில் நான் கேட்காத மூன்று பொருள்கள்: தினசரி பேக்கப், 'செக்யூரிட்டி', காசு கொடுத்து வாங்கும் எஸ்எஸ்எல் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டும் சான்றிதழ்). எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக். தளத்தில் அதே வேலையைச் செய்யும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாட்டிக் கொடுத்ததே இவர்கள்தான்! டிக்கை எடுத்தால் 'உங்கள் தளம் ஆபத்தில் இருக்கும், பரவாயில்லையா?' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தல். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 தந்திரங்களில், கேட்காததைக் கூடையில் திணிப்பதும் ஒன்று, இப்படி வெட்கப்படுத்தி வாங்க வைப்பதும் ஒன்று. இவர்கள் ஒரே பக்கத்தில் இரண்டையும் முடித்துவிட்டார்கள். ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே, அந்த எஸ்எம்எஸ்ஸில் இந்த மூன்றும் சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தாண்டிய தொகையைப் பார்த்துத்தான் உள்ளேயே போய்ப் பார்த்தேன்.

மாறினால் எங்கே? மாதம் 99 என்று கூப்பிடுகிறவர்கள் நான்கு வருடப் பணத்தை முன்னால் கேட்கிறார்கள். கீழே பொடி எழுத்தில் ரினியூவல் விலை. இதே கதைதான். நாமே நிர்வகிக்க வேண்டிய சர்வரை வாடகைக்குத் தரும் டிஜிட்டல் ஓஷனின் பெங்களூரு மையத்தில் 1 ஜிபி மெஷின் மாதம் 6 டாலர். வருடத்துக்கு 72, ஜிஎஸ்டி போட்டால் 85 டாலர். இப்போதைய பில்லைவிட அதிகம், அப்டேட் முதல் பேக்கப் வரை என் தலையில், நள்ளிரவில் எழுப்பச் சாட் பையனும் கிடையாது. கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி கிடைத்தது. மாதம் 399, சேரும்போதும் அதே, ரினியூவலுக்கும் அதே. வருடத்துக்கு 5,650. மிச்சம் 700 ரூபாய்.

அந்த 700-க்கு எவ்வளவு வேலை! கோப்புகளும் டேட்டாபேஸும் ஒரு மாலை வேலை. மெயில்தான் தலைவலி. அத்தானின் ஆர்டர் மெயில்கள் எல்லாம் அதே சர்வரில். எல்லாவற்றையும் ஐமேப் (மெயிலை சர்வரிலிருந்து படிக்கும் முறை) வழியாக நகலெடுத்து, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றி, நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் சரிபார்த்து, இரண்டு இடத்திலும் சில நாள் கண் வைத்திருக்க வேண்டும். "எழுநூறு ரூபாய்க்கா மாப்ள இவ்ளோ பாடு?" என்கிறார் அத்தான். கணக்குப்படி அவர் சொல்வது சரி.

இருந்தாலும் மாற்றுகிறேன். டொமைனை இந்த வாரமே வேறு பதிவாளரிடம் கொண்டுபோகிறேன். டொமைனின் பூட்டை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கினால் போதும், கட்டும் பணத்துக்கு ஒரு வருடம் கூடவே சேர்ந்துவிடும். டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே கையில் இருக்கவே கூடாது. சர்வருக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், சாட் பையனுக்கு ஐந்தும் தருவேன். முலுண்டு நண்பருக்குச் சொன்னது இதுதான்: எடுக்காதீர்கள். எடுத்தே தீருவதென்றால் ஆட்டோ ரினியூவலை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.