அரிக்கமேடு முதல் திருவதிகை வரை: ஒருநாள் கல்வெட்டுச் சுற்றுலா, ஒரு மதிப்பீடு

புதுச்சேரியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி அரிக்கமேடு, பாகூர், திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை என்று ஐந்து இடங்களைக் காட்டிவிட்டு இரவு எட்டரைக்குத் திரும்பும் வேன் சுற்றுலா இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிறது. தலைக்கு 1,800 ரூபாய், வண்டிக்குப் 12 பேர். காலை டிபன், மதியச் சாப்பாடு, 16 பக்கக் கையேடு, மதியத்தில் மைப்படி எடுக்கும் (கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுக்கும்) பயிற்சி எல்லாம் இதற்குள் அடக்கம். சாமி கும்பிடுவதற்காகப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஒவ்வொரு கோயிலிலும் சன்னதியில் நிற்கும் நேரத்தைவிட வெளிச்சுவரின் அடிப்பகுதியில் குனிந்து நிற்கும் நேரமே அதிகம். பழைய ஊராட்சி எப்படி நடந்தது, அரசன் மாறியபோது கோயிலும் ஊரும் என்ன ஆயின என்பதைக் கல்லிலேயே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது கடினம். ஆனால் நேரப் பங்கீட்டில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

ரோமானிய வணிகத் தொடர்பு இருந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் முக்கால் மணி நேரம். அதுவே போதும், ஏனென்றால் அங்கே தரைக்கு மேல் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. தொல்லியலாளர் வீலர் 1945இல் தோண்டிய குழிகளும், அதற்குப் பின் கசால் தோண்டியவையும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டியவையும் மூடப்பட்டுவிட்டன. மாந்தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்ததும் எல்லோரும் செல்போனை எடுக்கிறார்கள். கையேடும் அதன் படத்தைப் போட்டு ‘ரோமானியர் கட்டடம்’ என்கிறது. தவறு. அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய குருமடத்தின் மிச்சம். ரோமானியத் தொடர்புக்குச் சான்று சுவரில் இல்லை, பானை ஓட்டில் இருக்கிறது: இத்தாலியில் செய்த அரெட்டைன் கிண்ணத் துண்டுகள், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகள். ‘பெரிப்ளூஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் ‘பொதுகே’ துறைமுகம் இதுதான் என்பது பலரும் ஏற்ற கருத்து.

இன்னொரு திருத்தமும் வேண்டும். உள்தட்டில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் ரூலெட்டட் ஓட்டை ரோமானியச் சரக்கு என்று வழிகாட்டுபவர் சொல்கிறார். அது இந்திய மண்ணில் செய்தது என்பது களிமண் ஆய்வுகளால் தெளிவாகிவிட்டது. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதும் பெக்லி குழுவின் முக்கியமான முடிவு. இந்த ஓடுகளையும் மணிகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு அரிக்கமேட்டுக்குப் போனால்தான் அந்த மேடு பேசும். சுற்றுலாவில் அருங்காட்சியகம் சேர்க்கப்படவில்லை. முதல் நாளே நீங்களாகப் போய்ப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

பாகூர்தான் இந்த நாளின் சிறந்த பகுதி. மூலநாதர் கோயிலில் எட்டரை முதல் பத்தேகால் வரை கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் கிழக்கு வெயில் சாய்வாக விழுவதால் எழுத்து பள்ளமும் மேடுமாகத் தெளிவாகத் தெரிகிறது. வழிகாட்டுபவர் முதலில் எழுத்தைச் சொல்லித்தருகிறார், பிறகுதான் வரலாறு. இது நல்ல முறை. புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. துணைக்காலும் ‘ர’வும் ஒரே வடிவம், அதனால் ‘கர’வா ‘கா’வா என்பதைப் பொருள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’, அடுத்து மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் சொல்லும் பகுதி) அல்லது அரசன் பெயர், ‘யாண்டு’, நாடு, ஊர், யார் யாருக்கு என்ன கொடுத்தார், கடைசியில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி எழுத்து தெரியாதவர்களும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பிடித்துவிடலாம். அரை மணி நேரத்தில் வண்டியில் வந்த எல்லோரும் ‘யாண்டு’ என்ற சொல்லைச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த பிறகு வருவதுதான் அரசியல் பாடம். ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்’ என்ற தொடர் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் வருகிறது. கன்னரதேவர் என்பவர் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். 949இல் தக்கோலத்தில் சோழப் படையைத் தோற்கடித்தபின் இந்தப் பகுதி அவர் கைக்குப் போனது. அரசர் வேற்றுமொழிக்காரர், தலைநகரம் தக்காணத்தில். ஆனாலும் கல்வெட்டு தமிழில், அதே ஊர்ச் சபையின் பெயரில், அதே சடங்குச் சொற்களோடு தொடர்கிறது. யாண்டுக்கு முன்னால் வரும் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இடைக்கால அரசு என்பது எவ்வளவு தூரம் மேலே இருந்தது, ஊர் எவ்வளவு தன் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. வழிகாட்டுபவர் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் எல்லோரையும் பேசாமல் நிற்க வைக்கிறார். பாராட்ட வேண்டிய முடிவு.

சறுக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சபை என்ற சொல் வந்தவுடன் அவர் குடத்தில் ஓலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்குப் போய்விடுகிறார். 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), 35 வயது முதல் 70 வயது வரை, கால்வேலி நிலம், சொந்த மனை என்ற விதிகளெல்லாம் முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் உத்திரமேரூர்ச் சபை தனக்காக எழுதிக்கொண்டவை. அவற்றைத் தூக்கிப் பாகூருக்கு ஒட்டக்கூடாது. சபை என்பது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர்களுக்கு உரியது, வேளாண் ஊர்களில் இருந்தது ‘ஊர்’, வணிகர் இருந்த இடத்தில் ‘நகரம்’, பல ஊர்கள் சேர்ந்தது ‘நாடு’. இந்த நான்கையும் பிரித்துச் சொன்னாலே போதும்.

பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிய பகுதி கையேட்டில் நன்றாக இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடுக்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது அந்தச் செப்பேடு. அதையொட்டித் திருபுவனைக் கல்லூரியையும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் எண்களைக் குழப்பிவிட்டார்கள். 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம் என்பது முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரியின் கணக்கு. திருபுவனைக் கல்லூரி முதலாம் இராஜாதிராஜன் காலத்தது, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர், 12 ஆசிரியர். இரண்டும் நம் பக்கத்து ஊர்கள், நெல் கணக்கு உட்பட எல்லாமே கல்லில் இருக்கிறது. எண்ணாயிரத்தில் இளைய மாணவருக்கு நாளுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழி. 8 நாழி ஒரு குறுணி என்பதால் மூத்தவருக்குப் 10 நாழி என்று ஆகிறது. கையேட்டின் அடுத்த பதிப்பில் இந்தப் பக்கத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

திருவந்திபுரத்துக்குப் பதினொன்றுக்கு முன் போய்ச் சேர்ந்தால் நல்லது. முகூர்த்த நாளாக இருந்தால் போய்ச் சேரவே முடியாது. கல்யாண வண்டிகள் கெடிலக்கரை வரை நிற்கும். தேவநாதசுவாமி கோயிலில் பார்க்க வேண்டிய கல்வெட்டு ஒன்றே ஒன்று, ஆனால் அது தமிழகத்தின் மிக முக்கியமான அரசியல் ஆவணங்களில் ஒன்று. மூன்றாம் இராஜராஜ சோழனைக் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காப்பாற்றும்வரை எக்காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். அவன் பாச்சூரில் தங்கிக்கொண்டு தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) அப்பண்ணனையும் சமுத்திர கொப்பையனையும் அனுப்பினான். அவர்கள் வழியில் ஊர்களை அழித்துக்கொண்டு சேந்தமங்கலத்தை நெருங்க, கோப்பெருஞ்சிங்கன் பணிந்து மன்னனை விடுவித்தான். ஆண்டு 1231 வாக்கில். இத்தனையும் சொல்லும் கல்வெட்டு யாருடைய ஆட்சியாண்டில் தேதி குறிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: சிறைப்பட்ட அந்த இராஜராஜனின் ஆட்சியாண்டில்தான். அதிகாரம் கையை விட்டுப் போனபிறகும் ஆண்டுக் கணக்கு அவன் பெயரிலேயே ஓடியது. வழிகாட்டுபவர் இதை வரிவரியாகச் சொல்லும் விதம் அருமை.

மதியம் பன்னிரண்டரை முதல் நான்கு மணி வரை கோயில்கள் நடை சாத்தியிருக்கும். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் இந்த நேரத்தைக் கடற்கரையில் கழிப்பார்கள். இவர்கள் கடலூரில் ஒரு கூடத்தை எடுத்து மைப்படிப் பயிற்சி வைக்கிறார்கள். 1,800 ரூபாயில் பாதி இதற்கே தகும். எழுத்து வெட்டிய கருங்கல் பலகை ஒன்றை வைத்துச் செய்து காட்டி, பிறகு ஒவ்வொருவரையும் செய்ய வைக்கிறார்கள். நார்த் தூரிகையால் கல்லைத் தண்ணீர்விட்டுத் தேய்க்க வேண்டும், கம்பித் தூரிகை ஆகாது. நனைத்த தாளைக் கல்லில் படியவைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றுக் குமிழியைத் தள்ள வேண்டும். பிறகு அடிதூரிகையால் நேராக, சாய்க்காமல் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். விளக்குக்கரியும் வேலம்பிசினும் கலந்த மையைப் பஞ்சுப்பொதியில் தொட்டு, முதலில் கழிவுத்தாளில் ஒத்திவிட்டு, அதன் பின்னரே கல்லில் படிந்த தாளின் மேல் ஒத்த வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் நிற்கும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது ஈரப் பதத்தில். தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போது மை ஒத்தினால் அது பள்ளத்துக்குள் ஊறி எழுத்தே அடைந்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பி, அடுத்த ஒத்தலில் எழுத்து இரட்டையாகும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பிசின் அதிகமானால் தாள் பளபளத்து ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் கரி உதிரும். கற்றுக்கொண்டோம் என்று கோயில் சுவரில் போய் எடுக்கக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவுவதும் அதேபோல் கெடுதி.

திருப்பாதிரிப்புலியூரில் நிற்பது அரை மணிதான். இங்கே சமண மடம் இருந்தது என்பதற்குப் பெரியபுராணம் மட்டும் சான்றல்ல. சக ஆண்டு 380இல், அதாவது 458இல், காஞ்சியின் சிம்மவர்மனுடைய 22ஆம் ஆட்சியாண்டில் ‘பாடலிகா’ என்ற ஊரில் ‘லோகவிபாகம்’ எழுதி முடிக்கப்பட்டதாக அந்தச் சமண நூலே சொல்கிறது. அந்தப் பாடலிகா இதுதான் என்பது பரவலான முடிவு. அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பமும் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி அங்கே போவதில்லை.

நாம் சொன்ன தவறு இனிதான். திருவதிகைக்கு வண்டி ஐந்தேகாலுக்குப் போகிறது. வீரட்டானேசுவரர் கோயில் இந்தப் பட்டியலிலேயே மிகவும் செறிவானது. சூலை நோய் தீர அப்பர் ‘கூற்றாயினவாறு’ பாடிய இடம், பதினாறு பட்டை லிங்கம், குணபரவீச்சரம் என்று பெரியபுராணம் சொல்லும் பல்லவன் கட்டிய கோயிலின் ஊர். முதலாம் மகேந்திரவர்மனின் குணபரன் என்ற பட்டப்பெயர் திருச்சி மலைக்குடைவரைக் கல்வெட்டிலும் வருவதால், புராணமும் கல்வெட்டும் ஒன்றையொன்று தொடும் அரிய இடம் இது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி மணவிற் கூத்தன் என்ற நரலோகவீரன் செய்த திருப்பணிகள் வெண்பாக்களாகவே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓர் அதிகாரியின் பணிப்பட்டியல் கவிதையாக நிற்கிறது. இதையெல்லாம் சாயங்கால இருட்டில் பார்க்கச் சொல்வது நியாயமே இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். மாலைப் பூசைக் கூட்டமும் அப்போதுதான் வரும்.

டார்ச் ஒன்று கொண்டுபோனால் ஓரளவு சமாளிக்கலாம். நேரே அடித்தால் எழுத்து தட்டையாகி மறையும். சுவரை ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும். ஒருவர் டார்ச் பிடிக்க மற்றவர் படமெடுக்க வேண்டும். எங்கெங்கே படமெடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், அரிக்கமேட்டுத் தோப்புக்குள் சேறு கணுக்கால் வரை வரும். மாசி, பங்குனிதான் ஏற்ற மாதங்கள். கிளம்பும் முன் நாள்காட்டியில் முகூர்த்த ஞாயிறா என்று பாருங்கள். பதிவு செய்யும்போதே வரிசையைத் திருப்பி, திருவதிகையைக் காலையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மாற்றித் தருகிறார்கள். அப்படி மாற்றினால் அரிக்கமேடு மாலைக்குப் போய்விடும். அங்கே வெளிச்சம் குறைந்தாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.