ரெயில்ஸில் நெஸ்டட் ஃபாரம்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

ஒரு ஆர்டர், அதற்குள் எத்தனையோ பொருள் வரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே சேவ் பட்டன்: இதுதான் நெஸ்டட் ஃபாரம். ரூபி மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் ரெயில்ஸில் இதற்கென்றே 'அக்செப்ட்ஸ் நெஸ்டட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபார்' இருக்கிறது, 2009-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே. மாடலில், அதாவது தரவைக் கையாளும் பகுதியில், ஒரு வரி நிரல் எழுதினால் போதும். தாயும் (ஆர்டர்) பிள்ளைகளும் (பொருள் வரிகள்) ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேமிக்கப்படும். ஒன்று தவறினால் எதுவும் ஏறாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை விட மனமில்லை.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது ஐடி, அதாவது ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸில் உள்ள அடையாள எண். எடிட் பக்கத்தில் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் வரிகள் இரட்டிப்பாயின. எரர் எதுவும் இல்லை. மாடலில் இரண்டு நாள் தேடினேன். தவறு இருந்ததோ ஃபாரம் அனுப்புவதை வாங்கி மாடலிடம் கொடுக்கும் கன்ட்ரோலரில். ஃபாரத்தில் பிள்ளை வரிகளை வரையும் 'ஃபீல்ட்ஸ் ஃபார்' ஒவ்வொரு பழைய வரிக்கும் ஐடியை மறைவாக அனுப்பிவிடுகிறது. எந்தப் புலங்களை உள்ளே விடலாம் என்று கன்ட்ரோலரில் பட்டியலிடும் ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸில் நான் ஐடியை அனுமதிக்கவில்லை. ஐடி இல்லாமல் வந்தால் ரெயில்ஸுக்கு அது புது வரிதான். டெவலப்மென்ட் லாகில் (ரெயில்ஸ் எழுதும் பதிவுக் கோப்பில்) ஒரே ஒரு குறிப்பு இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த நெஸ்டட் ஃபாரத்துக்கும் முதலில் எழுதும் டெஸ்ட் இதுதான்: எதையும் மாற்றாமல் இரண்டு முறை சேவ், வரிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க வேண்டும்.

வரிகளை நீக்குவதற்கு மாடலில் 'அலவ் டெஸ்ட்ராய்' கொடுக்க வேண்டும், ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸில் '_டெஸ்ட்ராய்' என்பதையும் அனுமதிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. "குறைந்தது ஒரு வரியாவது வேண்டும்" என்ற சரிபார்ப்பை வரிகளை எண்ணிப் பார்த்து எழுதியிருந்தால் அது ஏமாற்றும். நீக்கக் குறித்த வரிகள் சேவ் முடியும்வரை பட்டியலிலேயே இருக்கும், எண்ணிக்கையிலும் சேரும். 'மார்க்ட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஆனவற்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வரி சேர்க்கிறீர்களா? இரண்டு வரிக்கு ஒரே இன்டெக்ஸ் (ஃபாரத்தில் வரிகளைப் பிரித்துக் காட்டும் எண்) போனால் பின்னது முன்னதை அழித்துவிடும். நான் மில்லிசெகண்ட் நேரத்தையே இன்டெக்ஸாக வைக்கிறேன்.

ஹேஸ் ஒன் உறவுக்கு, அதாவது தாய்க்கு ஒரே பிள்ளை என்றால், 'அப்டேட் ஒன்லி' போட்டுவிடுங்கள்.

ஒரு அடுக்குக்கு இன்றும் இதைத்தான் எடுக்கிறேன். வரிக்குள் வரி என்று இரண்டாம் அடுக்கு வந்ததும் பிழைச் செய்தி ஃபாரத்தில் எந்த உள்ளீட்டுப் பெட்டிக்கு உரியது என்று பிடிப்பதே பெரும்பாடு. அங்கே அந்த ஃபாரத்துக்கென்றே ஒரு தனி கிளாஸ், ஃபாரம் ஆப்ஜெக்ட், எழுதிவிடுகிறேன். நிரல் நீளும்தான், ஆனால் எது எப்போது சேமிக்கப்படுகிறது என்பது படித்தாலே தெரிகிறது.