பழைய மின்சாரக் கார்: தானமாகக் கொடுப்பதா, விற்றுப் பணத்தைக் கொடுப்பதா?

அமெரிக்காவில் பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது மிக எளிது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இழுவை வண்டி வாசலுக்கே வந்து காரை எடுத்துப் போகும், ரசீது பிறகு வந்து சேரும். இந்த வசதியைப் பார்த்தே பலர் வேறு வழிகளை யோசிப்பதில்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். அந்தக் காரின் மதிப்பில் பெரும்பகுதி பேட்டரியில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 கிலோவாட் மணி பேட்டரி; புதிதில் முழு சார்ஜுக்கு 84 மைல் ஓடும் என்பது அரசு மதிப்பீடு. பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாததால் கடும் வெயில் ஊர்களில் ஓடிய கார்கள் சீக்கிரம் தளர்ந்துவிட்டன. ஓட்டுநர் முன்னுள்ள திரையில் தெரியும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்பதே அதன் உடல்நிலை அறிக்கை. 'லீஃப் ஸ்பை' என்ற செயலியும் காரில் செருகும் சிறு கருவியும் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதல் வேலை இந்தச் சோதனைதான்.

வானொலி விளம்பரங்களில் கேட்கும் வழி, ஏலம். பெரும்பாலும் தொண்டு நிறுவனம் காரைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை. இடைத்தரகு நிறுவனம் ஒன்று எடுத்துச்சென்று மொத்த ஏலத்தில் விற்கிறது. இழுவைக் கூலி, ஏலக் கட்டணம், தரகு எல்லாம் போக மிச்சம்தான் தொண்டுக்கு. 2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 54 கார் நன்கொடைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்தை அடைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் இறுகியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் வரிக் கழிவு (வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை) கேட்டால், ஏலத்தில் என்ன விலை போனதோ அதுவே உச்சவரம்பு. தொண்டு நிறுவனம் அனுப்பும் 1098-சி என்ற வரிப் படிவத்தில் அந்தத் தொகை எழுதி வரும். 500 டாலருக்குள் விற்றால், சந்தை மதிப்பு, 500 டாலர் இரண்டில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளலாம்.

கழிவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி கட்டுபவருக்கே அது கிடைக்கும். பட்டியலிடாதவருக்குக் கிடைப்பது பொதுக் கழிவு; 2026இல் தம்பதியருக்கு அது 32,200 டாலர். அதைத் தாண்டும் அளவுக்குச் செலவு இல்லாத குடும்பம் காரைக் கொடுத்தால் வரியில் ஒரு சென்ட் கூடக் குறையாது.

இதனால்தான் நான் காரை நேரடியாக விற்றுப் பணத்தைக் கொடுக்கும் வழியின் பக்கம் நிற்கிறேன். பட்டியலிடாதவர்களும் 2026 முதல் ரொக்க நன்கொடைக்கு, தனிநபர் என்றால் 1,000, தம்பதியர் என்றால் 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். பொருளாகக் கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை. கார் 3,000 டாலருக்குப் போகிறது என்று வையுங்கள். முழுத் தொகையும் தொண்டுக்குப் போகிறது, அதில் 2,000 டாலருக்குத் தம்பதியருக்கு வரிக் கழிவும் உண்டு. வாங்கிய விலையை விடக் குறைவாக விற்பதால் அந்தப் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. சிரமம் உண்டுதான்: அந்நியர்கள் வருவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள். பேட்டரி அளவீட்டைப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போட்டுவிட்டால் வீண் பேச்சு பெருமளவு குறையும். வேறு கார் வாங்கும்போது பழையதை டீலரிடமே கொடுத்துவிடுவது இதைவிடச் சுலபம், விலை குறைவு. நேரமே இல்லாதவர்களுக்கு அது போதும்.

காரைக் காராகவே ஏழைக் குடும்பத்தின் கையில் சேர்க்கும் அமைப்புகளும் இருக்கின்றன. வெர்மான்ட்டில் 1996இல் தொடங்கிய குட் நியூஸ் கராஜ், மேரிலாந்தில் 1999இல் தொடங்கிய வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் ஆகியவை பெயர் பெற்றவை. இப்படிக் கொடுக்கப்படும் காருக்கு, நிறுவனம் அதை எழுதிக் கொடுத்தால், ஏல விலை வரம்பு இல்லை. நியாயமான சந்தை மதிப்பையே காட்டலாம். மனத்துக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனாலும் மின்சாரக் கார் என்றால் அதைப் பெறுபவரின் நிலையையும் பார்க்க வேண்டும். வீட்டு ஓரத்தில் கார் நிறுத்த இடமும் சாதாரண 120 வோல்ட் மின்செருகியும் இருந்தால், இரவு முழுவதும் செருகிவைத்தால் ஏறத்தாழ 40 மைலுக்குச் சார்ஜ் ஏறும். அருகில் வேலைக்குப் போய் வர அது போதும். எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தெருவோரம் காரை நிறுத்துபவருக்கு அதே கார் தினசரிக் கவலை. பழைய லீஃபுக்கு வேண்டிய சாடெமோ வகை விரைவுச் சார்ஜர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வெர்மான்ட் குளிரில் ஓடும் தூரம் இன்னும் சுருங்கும். பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலர். அந்தச் சுமையைத் தாங்க முடியாத வீட்டில் அதை இறக்கிவிடுவது உதவி ஆகாது. அதனால், பேட்டரி நலமாக இருந்தால் மட்டும், நிறுவனத்திடம் முதலில் மின்சாரக் காரை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பேட்டரி தளர்ந்த காருக்குப் பலர் நினைக்காத இடம் ஒன்று உண்டு: வாகனப் பழுதுநீக்கம் கற்பிக்கும் சமூகக் கல்லூரி. மாணவர்கள் உயர் மின்னழுத்தக் கம்பிகளை எப்படிப் பாதுகாப்பாகத் துண்டிப்பது என்று கற்க, ஓடாத கார்கூட உதவும். கல்லூரி தன் பாடத்துக்குக் கணிசமாகப் பயன்படுத்துவதாகச் சான்று கொடுத்தால் இங்கும் சந்தை மதிப்பைக் காட்டலாம். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்து, யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்த பிறகு ஏலத்துக்கு விடுவதில் தவறில்லை.

எந்த வழியில் கொடுத்தாலும் காரின் செயலிக் கணக்கிலிருந்து உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். சார்ஜ் கம்பியைக் காரோடு வையுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் உரிமை மாற்றத்தை ஐந்து நாளுக்குள் வாகனத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிறகு வரும் பார்க்கிங் அபராதமும் சுங்கக் கட்டணமும் உங்கள் பெயருக்கே வரலாம்.