பிளஸ் டூ கால்குலஸ்: கோடையில் முன்னே ஓடுவதா, பின்னே போவதா?

பிளஸ் ஒன் முடிந்ததும் காரைக்குடிப் பக்கம் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான்: கணக்கை இப்போதே தொடங்கிவிடலாமா? கானாடுகாத்தானில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கும் இதே கேள்வி வந்தது. காரைக்குடிக்குப் போய் டியூஷனில் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே முடிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துத் தானே படிக்கலாம். இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திரும்பவும் கையில் எடுக்கலாம். நான் மூன்றாவதன் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டியூஷன். தினமும் கணக்குப் போட வைப்பார்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும். வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய துணைதான். ஆனால் இவள் போன இடத்தில் மூன்றே வாரத்தில் இரண்டு பாடத்தை முடித்துவிட்டார்கள். நோட்டு அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம், கோடை வெயிலுக்குப் பயந்து ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்திருந்தோம். சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட, அதாவது இன்டக்ரேட் பண்ணச் சொன்னேன். யோசிக்காமல் ‘சைன் கியூப் எக்ஸ், கீழே மூன்று’ என்று எழுதினாள்.

“எக்ஸ் ஸ்கொயருக்கு அப்படித்தானே சித்தப்பா?”

“சரி, எழுதினதைத் திரும்ப வகையிட்டுப் பாரு.”

வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) தொகையிடலுக்கு நேர் எதிர், விடை சரியென்றால் தொடங்கிய சைன் ஸ்கொயரே திரும்ப வர வேண்டும். ஆனால் ஒரு கோவைக்குள் இன்னொன்று இருந்தால் உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்கச் சொல்லும் சங்கிலி விதிப்படி, கூடவே ஒரு காஸ் எக்ஸ் வந்து நின்றது. பென்சிலைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். சைன் ஸ்கொயரை ‘ஒன்று கழித்தல் காஸ் இரண்டு எக்ஸ், கீழே இரண்டு’ என்று மாற்றிக்கொண்டால் இரண்டு வரியில் முடிகிற கணக்கு அது. அந்தச் சூத்திரம் பதினொன்றாம் வகுப்பு முக்கோணவியலில் இருக்கிறது. அவள் சறுக்கிய இடமும் அதுதான், கால்குலஸ் இல்லை.

தானே முன்கூட்டிப் படிப்பதில் வேறு சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பின் 12 அலகுகளில் 7 முதல் 10 வரை நான்கு அலகுகள் நுண்கணிதம், அதாவது கால்குலஸ். ஒன்பதாவது அலகு நேராக வரையறுத்த தொகையிலிருந்து (இரண்டு மதிப்புகளுக்கு இடையே தொகையிடுவது) தொடங்கும். சாதாரணத் தொகையிடல் முறைகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பின் 11-வது அலகிலேயே முடிந்துவிட்டன, இங்கே திரும்பச் சொல்லித்தர மாட்டார்கள். அது கைவராமல் பத்தாவது அலகின் வகைக்கெழுச் சமன்பாட்டை (டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்) தொட்டால், தீர்வு காணும் இடத்தில் நின்றுவிடும். ஏற்கெனவே அடித்தளம் உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு இந்த வழி தாராளமாகச் சரிப்படும்.

திரும்பிப் போவது கௌரவக் குறைச்சல் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு பாடம் முடித்துவிட்டதே என்ற பதற்றம் வேறு. 2018-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025–26 கல்வியாண்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் இரண்டாம் தொகுதியின் கடைசிப் பாடங்கள் அவசரமாக ஓடிவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை. அந்தக் கடைசிப் பாடங்களில்தான் எல்லை (லிமிட்), வகைக்கெழு (டெரிவேட்டிவ்), தொகையிடல் மூன்றும் இருக்கின்றன.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதல் பத்து நாள் முக்கோணவியல் சூத்திரங்களும் சார்புகளின் வரைபடங்களும். மனப்பாடம் இல்லை, ஒவ்வொன்றையும் தருவித்து எழுதினாள். அப்புறம் எல்லை. அதன்பின் தினமும் இருபது வகையிடல் கணக்கு, சங்கிலி விதி தானாகக் கையில் வரும்வரை. கடைசி இரண்டு வாரம் தொகையிடல். போட்ட ஒவ்வொரு விடையையும் வகையிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். காலையில் இரண்டு மணி நேரம், வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

காணொளிகளைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. இணையத்தில் பாடம் நடத்தும் கான் அகாடமி இலவசம், பயிற்சிக் கணக்குகளும் உண்டு. புரியாத ஓர் இடத்துக்கு மட்டும் பார்த்தால் நல்ல உதவி. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் பேனா மேசையிலேயே கிடக்கும்.

மே கடைசியில் அவளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, கூம்புத் தொட்டியில் தண்ணீர் ஏறும் கணக்கை எடுத்தாள். ஆரமும் உயரமும் இரண்டும் மாறுகின்றனவே என்று கொஞ்ச நேரம் திணறினாள். பிறகு படத்தில் இரண்டு வடிவொத்த முக்கோணங்களை வரைந்து, ஆரத்தை உயரத்தில் எழுதிவிட்டு, என்னைக் கேட்காமலேயே வகையிடத் தொடங்கினாள்.